கையில் ஆயுதம் இல்லாத நாகம்மா

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் பிடுங்கி யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். சின்னமனூரில் எல்லோருக்கும் அவர் பல் டாக்டரம்மா, அவ்வளவுதான். கீழே உரக்கடை, மேலே கிளினிக். வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுப்பது, போன் எடுப்பது, பஞ்சு வெட்டி வைப்பது என்று நான் அங்கே சில வருஷம் வேலை பார்த்தேன். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கும் அந்த மாடியில்தான் இருந்திருப்பார். பெரிய பொய்கூட இல்லை, ஒரு வார்த்தை. அதைச் சொல்லவில்லை என்று அவரை மூட்டை கட்ட வைத்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பல் காட்ட வருகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், சாமிக்காசு காட்ட வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் கோயில் வாசல்களில் விற்ற பித்தளை, செம்பு, வெள்ளி வில்லைகளைத்தான் சாமிக்காசு என்போம். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் இருக்கும், மறுபக்கம் அனுமார் இருப்பார். திருப்பதி, ராமேஸ்வரம் என்று போனவர்கள் வாங்கி வந்து பூஜை மாடத்தில் வைப்பார்கள், பிள்ளைகளின் அரைஞாணில் கோப்பார்கள். டாக்டரம்மாவுக்குக் கல்லூரியில் படிக்கும்போதே இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். விடுதிச் சாப்பாட்டைவிடப் பழைய பாத்திரக்கடைதான் அதிகம் ஞாபகம் இருக்கிறது என்பார். எது எந்த ஊரில் விற்றது, எது அச்சில் அடித்தது, எது போன மாசம் எவனோ வார்த்துப் பழசாகத் தெரியப் புகை போட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

சாமியின் முகத்தை அவர் முதலில் பார்க்கவே மாட்டார். நோயாளி நாற்காலிக்கு மேலே இருக்கிற விளக்கை இழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டி, விளிம்பைத்தான் பார்ப்பார். போலியை வார்த்தவன் அரம் போட்ட தடம் இருக்கிறதா, இரண்டு அச்சும் சேர்ந்த கோடு இருக்கிறதா என்று ஒரு சுற்று. பிறகு தீர்ப்பு. "இருக்கலாம்", "பார்க்கணும்", "ஒருவேளை" என்ற வார்த்தைகளெல்லாம் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பல்லுக்கும் அதே கதைதான். காதிலும் கழுத்திலும் மின்ன வந்த ஒரு பெரிய வீட்டு அம்மாவிடம், பல்லில் ஒன்றும் கோளாறு இல்லை, நீங்கள் தேய்ப்பதில்லை, அதுதான் கோளாறு என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மா படியிறங்கும்போது என்னை முறைத்துவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன்?

பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், தன் வீட்டு ராமர் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தார். டாக்டரம்மா அதை விளக்கில் காட்டி இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு சொன்னார்.

"ராமர் இருக்காக. லட்சுமணர் கொடை பிடிச்சிக்கிட்டு நிக்கிறாக. சீதையக் காணோம். நீங்கதான் தூக்கிட்டுப் போயிருக்கீக சார்."

வாத்தியாருக்கு முகம் செத்துப்போயிற்று. அசல் பழைய வில்லைதான், ஆனால் பாதி உருவத்தைப் புளி தின்றுவிட்டது, இனிமேலாவது வெந்நீரும் பஞ்சும் தவிர எதுவும் காட்டாதீர்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பாராட்டை எதிர்பார்த்து வந்த மனிதர் பாவம். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம் என்று நானே பிறகு சொன்னேன். சீதையிடம் போய்ச் சொல் என்றார்.

அரிசி இழுக்கும் காசு என்று எங்கள் பக்கத்தில் ஒரு பித்தலாட்டம் உண்டு. பழைய சாமிக்காசு ஒன்றில் தெய்வசக்தி ஏறியிருக்கிறதாம், பக்கத்தில் அரிசியைக் கொண்டுபோனால் இழுக்குமாம், வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கோடிகளோடு காத்திருக்கிறானாம். இதை நம்பித் தோட்டத்தை விற்றவர்களும் பெண்டாட்டி நகையை விற்றவர்களும் தேனி தொடங்கிக் குமுளி வரைக்கும் இருக்கிறார்கள். கம்பத்திலிருந்து ஒரு விவசாயி, பாதி மலையாளம் பேசுகிற தரகன் ஒருவனோடு வந்தார். காசில் கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா என்று போட்டு, அனுமார் மலையைத் தூக்கிக்கொண்டிருந்தார். தரகன் பொட்டலத்தைப் பிரித்து அரிசியைக் கொட்டினான். அரிசி துள்ளிப் போய்க் காசில் ஒட்டிக்கொண்டது. எனக்கே ஒரு நிமிஷம் புல்லரித்தது.

டாக்டரம்மா என்னை எதிர்க்கடைக்கு அனுப்பிக் கைப்பிடி அரிசி வாங்கி வரச் சொன்னார். அந்த அரிசி அசையவில்லை. தரகனின் அரிசியில் இரும்புப்பொடி, காசுக்குள்ளே காந்தம், கிழக்கிந்தியக் கம்பெனி அரையணாவில் அனுமாரைப் போட்டதே கிடையாது என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். தரகன் அரிசியைக்கூட அள்ளாமல் இறங்கிவிட்டான். அந்த விவசாயி என்ன செய்தார் தெரியுமா? அடுத்தவனுக்கு நல்லது நடந்தால் உங்களுக்குப் பொறுக்காதா என்று டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டு, தரகனின் பின்னாலேயே ஓடினார். ஏமாற்றியவன்மேல் அவருக்குக் கோபமில்லை, ஏமாறாமல் தடுத்தவர்மேல்தான் கோபம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அரிசியை அப்படியே குப்பையில் கொட்டினேன். டாக்டரம்மா அடுத்த சீட்டைக் கூப்பிடச் சொன்னார்.

அவர் வேதக்கார வீட்டுப் பெண், கிறிஸ்தவர். எங்கள் பள்ளத்தாக்கில் வேதக்காரர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. பழைய மிஷன் காலத்திலேயே ஊர் ஊராக வேதத்தில் சேர்ந்தவர்கள், எங்களோடு தண்ணீர்ப் பாய்ச்சலுக்குச் சண்டையும் போட்டு, கல்யாணத்துக்குப் பந்தியும் போட்டு வாழ்கிறவர்கள். முருகன் காசை முருகன் காசு என்று அவர் சொன்னபோது அவர் கழுத்தில் கிடந்த சிலுவையை ஒருவரும் பார்க்கவில்லை. யார் வீட்டுச் சாமியை விளக்கடியில் வைத்தாலும் அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். அதையும்தான் ஒருவரும் பார்க்கவில்லை.

இனி என் புகுந்த வீட்டுக் கதைக்கு வருகிறேன். மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டில்தான் குலசாமிப் பெட்டி இருக்கிறது. மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக் கோயிலுக்குப் போவோம். பெட்டிக்குள் ஒரு பழம்புடவை, வளையல்கள், ஒரு மணி, அப்புறம் நாகம்மா. நாகம்மா என்பது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய, நீள்வட்டமான பித்தளை வில்லை. வருஷா வருஷம் அப்பிய சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் கட்டிப்போய், ஒரு பெண் நிற்பதும் காலடியில் பாம்பு கிடப்பதும் தடவினால் மட்டும் தெரியும். பெட்டிச் சாமானை வீட்டின் மூத்த மருமகள்தான் தொடலாம், தாலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அது என் மாமியார். மாமனார் போன பிறகும் அந்தப் பொறுப்பு அத்தையிடம்தான் இருந்தது. அத்தை அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசுவதெல்லாம் அந்தப் பெட்டியிடம்தான்.

என் கணவரின் சித்தப்பா மகன் திராட்சை வியாபாரி. கையில் நாலு காசு சேர்ந்ததும் நாகம்மாவுக்குப் பெரிய கோயில் கட்டப்போகிறேன் என்று கிளம்பினான். நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? சிலை செய்கிற ஸ்தபதி, உங்கள் அம்மனுக்கு எத்தனை கை, கையில் என்ன ஆயுதம் என்று கேட்டிருக்கிறார். பங்காளிகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. சூலம் என்றார் ஒருவர், உடுக்கை என்றார் ஒருவர். "மதினி, உங்க டாக்டரம்மாட்டக் காட்டிருவோம், அவுக சொன்னா சரியா இருக்கும்" என்று என்னிடம் வந்தவன் அவன்தான். அவனுடைய முன்பல் வரிசையும் டாக்டரம்மா கட்டிக் கொடுத்ததுதான்.

ஒரு மத்தியானம் அத்தை தலைக்குக் குளித்து, நாகம்மாவை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தார். கொழுந்தனும் கூட வந்தான். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தார். வந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆத்தா, நான் தொடல. உங்க சாமிய நீங்களே கையில வச்சுக் காட்டுங்க."

வெந்நீரில் நனைத்த பஞ்சைத்தான் கொடுத்தார். அத்தை தானே துடைத்தார். எந்தக் காலத்துச் சந்தனமோ, கரைந்து கரைந்து தட்டில் இறங்கியது. முதலில் முகம் தெரிந்தது. பிறகு தலையிலிருந்து கால்வரை போர்த்திய முக்காடு. இரண்டே கை. இரண்டையும் கீழ்நோக்கி விரித்து வைத்திருந்தாள், விரல்களிலிருந்து கோடு கோடாக ஏதோ இறங்கியது. கொழுந்தன் எட்டிப் பார்த்து, கையில் என்ன ஆயுதம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். டாக்டரம்மா பின்பக்கத்தையும் துடைக்கச் சொன்னார். அத்தையின் விரலுக்கடியில் ஒரு சிலுவை எழும்பி வந்தது. அதன் கீழே ஒரு ஆங்கில எழுத்து, சுற்றிலும் நட்சத்திரங்கள்.

"ஆயுதம் ஒண்ணும் இல்லப்பா. கையில வர்றது வெளிச்சம். இது மாதா சுரூபம்" என்றார் டாக்டரம்மா.

எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் மாதா எப்படி வந்தாள் என்று கொழுந்தன் கேட்டான். அதை இந்த வில்லை சொல்லாது, சொல்லாததை நானும் சொல்லமாட்டேன் என்றார். எனக்கு அப்போதே தோன்றியது. எந்தக் காலத்திலோ வேதக்கார ஊரில் பெண்ணெடுத்திருப்பார்கள். வந்தவள் தன் சாமியைத் தனியே கும்பிட முடியாமல் பெட்டிக்குள் சேர்த்திருப்பாள். சாதி ஒன்றாக இருந்தால் வேதம் பார்க்காமல் கொடுத்து வாங்கியவர்கள்தானே நாங்கள்? இதில் அசிங்கப்பட என்ன இருக்கிறது?

கொழுந்தனுக்கு அசிங்கமாகிவிட்டது. அன்று ராத்திரியே பங்காளிகள் குரூப்பில் அவன் குரல் வந்தது. அசல் நாகம்மா தங்கமாம், வேதக்காரி அதை எடுத்துக்கொண்டு பித்தளை மாதாவை மாற்றி வைத்துவிட்டாளாம், மதம் மாற்றுகிற வேலை இப்படித்தான் நடக்கிறதாம். அவர் விரல்கூட அதன்மேல் படவில்லை. துடைத்தது அத்தை, பக்கத்தில் நின்றது நான், எதிரில் நின்றது இவன். அவர் கட்டிக் கொடுத்த பல்லை வைத்துக்கொண்டே இவ்வளவும் பேசினான். நான் குரூப்பில் நடந்ததை நடந்தபடி போட்டேன். என்னை எடுத்துவிட்டார்கள். என் கணவர், சொந்தபந்தத்துக்குள் எதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்.

குரல் பங்காளிகள் குரூப்போடு நிற்கவில்லை, ஊருக்குள் சுற்றியது. சீட்டு வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு நாள் காலையில் மாடிப்படி முழுக்கச் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். நான்தான் கழுவினேன். கழுவிக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன். உரக்கடைக்காரர் வேடிக்கை பார்த்தார்.

டாக்டரம்மாவின் ஊரிலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள். மாதா தானாகப் போய் இந்து வீட்டுப் பெட்டியில் குடியிருந்திருக்கிறாள், இது பெரிய புதுமை, அற்புதம், நீங்கள் எழுதிக் கொடுத்தால் கேட்டு வாங்கி வந்து பீடம் கட்டலாம் என்றார்கள். அவர்களுக்கும் அதே டாக்டரம்மாதான்.

"வார்த்தது நம்ம ஆளுக. தேஞ்சது அவுக கையில. இதுல புதுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. போயி வேலயப் பாருங்க."

அவர்களும் முறைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் போயிற்று அவருக்கு.

கடைசியாகக் கொழுந்தன் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். சமாதானம் பேச வந்தார்களாம். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. நாகம்மா என்றுகூடச் சொல்ல வேண்டாம், எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று போனில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், குரூப்பில் போட்டுப் பேச்சை முடித்துவிடுகிறோம் என்றார்கள். எனக்கே ஆசையாக இருந்தது. தெரியவில்லை என்று சொல்லாத மனிதர் உண்டா? நான் சுவரோரம் நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

"நாகம்மாவுக்கு நூறு கை வச்சுச் செல செய்ங்க, நானும் வந்து கும்புட்டுப் போறேன். ஆனா இது என்னன்னு என்னயத்தான கேட்டீக? எனக்குத் தெரியும். தெரிஞ்சதத் தெரியலன்னு இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு உங்க வாயப் பாத்து நான் சொல்றத எவன் நம்புவான்?"

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்த வாரத்திலேயே உரக்கடைக்காரர் மேலே வந்தார். கட்டடம் அவருடையது. எனக்கு யாரோடும் பகை வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சின்னமனூரில் வேறு யாரும் இடம் கொடுக்கவில்லை. டாக்டரம்மா மதுரைக்குப் போவதென்று முடிவாயிற்று.

இங்கே வீட்டில் அத்தைக்கும் உத்தரவு போட்டார்கள். அது இனிமேல் பெட்டிக்குள் இருக்கக்கூடாது, தீட்டு, முல்லையாற்றில் போட்டுவிட்டு வாருங்கள் பெரியம்மா என்றான் கொழுந்தன். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை சந்தனம் வைத்த சாமி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் மழை இல்லை என்றாலும் அத்தை போய் நின்றது அவள் முன்னால்தான். அத்தை சரி என்று சொல்லி, துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தார். அன்று எங்கள் வீட்டில் யாரோடும் நான் பேசவில்லை.

டாக்டரம்மா கிளம்பிய அன்று நோயாளி நாற்காலியைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அந்தப் படியை மிதிக்கக்கூடாது என்று சொல்லியிருந்த நேரம், நான் ஒருத்திதான் மீறிக்கொண்டிருந்தேன். அப்போது அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். பல்வலியோ என்று நினைத்தேன். அத்தை முந்தியை அவிழ்த்தார். நாகம்மா இருந்தாள்.

"ஆத்துல போடத்தான் போனேன். கை வரல. பெட்டியிலயும் வைக்க விட மாட்டாக. இவள நான் எங்கன வைக்கட்டும்? நீங்கதான் எதுன்னாலும் உள்ளதச் சொல்லுவீகளே."

என்னிடம் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கலாம். அவருடைய மாதா, அவருக்கு நடந்த அநியாயத்துக்கு அதைக் கேட்க நியாயமும் இருந்தது. அவர் அட்டைப்பெட்டிக்குள் தேடிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். விளக்கைக் கட்டிவைத்துவிட்டதால் அத்தையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து நிற்கச் சொன்னார். வழக்கம்போல விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். அத்தையின் விரல் மறைத்திருந்த மேல்முனையைக் காட்டச் சொல்லி, அதையும் பார்த்தார்.

"மேல ஒரு வளையம் இருக்கு ஆத்தா. உள்பக்கமே தேஞ்சிருக்கு பாருங்க, கயிறு பட்டுத் தேஞ்சது. பெட்டிக்கு வர்றதுக்கு முன்னால ரொம்ப காலம் யாரோ ஒரு பொம்பள கழுத்துல கெடந்துருக்கா. இது கழுத்துக்குச் செஞ்சது."

"தாலி எறக்குன கழுத்தும்மா இது."

"அதெல்லாம் இதுக்குத் தெரியாது."

கயிற்றுக்கு அங்கே எங்கே போவது? நான் பல்லிடுக்குத் தேய்க்கிற நூலில் ஒரு முழம் இழுத்து வெட்டிக் கொடுத்தேன். அத்தை கோத்தார். நீங்களே கட்டிவிடுங்கள் என்று டாக்டரம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். மூத்த மருமகளைத் தவிர யாரும் தொடக்கூடாது என்ற கட்டு அத்தைக்குத் தெரியாததா? டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு கட்டிவிட்டார். அதற்குள் கீழே லாரி டிரைவர் ஹாரன் அடித்துவிட்டான்.

புதுக்கோயில் கட்டி முடிந்து, நாகம்மா நாலு கையோடும் சூலத்தோடும் வெள்ளிக் கவசத்தில் நிற்கிறாள். சிவராத்திரிக்கு மூத்த மருமகள் கையால்தான் திருநீறு வாங்க வேண்டும் என்பது இன்னும் மாறவில்லை. அத்தை முந்தியை இழுத்துக்கூட மூடிக்கொள்வதில்லை. திருநீற்றுக்குக் குனிகிற ஒவ்வொரு பங்காளியின் கண்ணுக்கு நேராகவும் அந்தப் பித்தளை தொங்குகிறது. கொழுந்தனும் குனிகிறான். உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணை ஊரைவிட்டு அனுப்ப அத்தனை பேச்சுப் பேசிய வாய், அத்தையைப் பார்த்து அதைக் கழற்றுங்கள் என்று இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.